நிறம் இறங்கிய மேப்பிள்கள்

பிப்ரவரி 20

மேப்பிள்களில் மொட்டு உடைகிறது. மேல் அடுக்கில் இருப்பவை முந்திக்கொண்டன. கேட்டுக்குப் பக்கத்தில் கீழ் அடுக்கில் நிற்பவை இன்னும் வெறும் குச்சிகள்தான். கூட வேலை செய்யும் ஒச்சக்கா தொட்டிகளின் மேல்மண்ணைக் கொத்திவிட்டாள். நான் குளிரில் காய்ந்த நுனிகளை வெட்டினேன்.

குன்னூரில் புதிதாகக் கட்டும் ஓட்டல் ஒன்று எல்லாத் தொட்டிகளையும் கேட்டிருக்கிறது. ஏப்ரலில் ஆள் அனுப்பிப் பார்ப்பார்களாம். முதலாளி சிவஞானம் சார் மதுரையிலிருந்து போன் செய்து சொன்னார். இந்தத் தோட்டத்தில் விருந்தினர் விடுதி இருக்கிறது, ரோஜா இருக்கிறது, ஆனால் சாருக்கு ஜப்பான் மேப்பிள்தான் பிள்ளை. கலிம்போங்கிலிருந்து ஒட்டுச்செடியாக வரவழைத்தவை. கொடைக்கானலில் வேறு யாரிடமும் இவ்வளவு இல்லை என்பார்.

இவை சாதாரண மேப்பிள் அல்ல. விரித்த கை மாதிரி இலை, பச்சையின் மேல் ரோஸும் வெள்ளையும் தெளித்திருக்கும். அந்த நிறத்துக்குத்தான் மதிப்பு. அது நிலையானதும் அல்ல. ஏதாவது ஒரு கிளை திடீரென்று வெறும் பச்சைக்குத் திரும்பிவிடும். பச்சைக் கிளைக்கு வேகம் அதிகம். விட்டால் மரம் முழுக்க அதுவே ஆகிவிடும். கண்ணில் பட்டதும் அடியோடு வெட்ட வேண்டும். இருபது வருடமாக அந்தக் கத்தரியை நான் யாரிடமும் கொடுத்ததில்லை.

மாத்திரை போட்டேன். என் வீட்டுக்காரர் அருளப்பன் தன் தட்டைத் தனியாக மேல் அலமாரியில் வைத்துக்கொள்கிறார். நவம்பரிலிருந்து அப்படித்தான். படுப்பதும் முன்னறையில்.

பிப்ரவரி 25

டி.பி. ஆபீஸிலிருந்து போன். மாத்திரையை விடாமல் போடுகிறேனா, கை கால் மரத்துப்போகிறதா, கண் மங்குகிறதா என்று ஒரு பெண் வரிசையாகக் கேட்டாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். செடிகளுக்கு நடுவில் நின்று அதற்கு மேல் பேச முடியாது.

"யாரு பிலோமி?" என்றாள் ஒச்சக்கா.

"கேஸ் கம்பெனி, அக்கா."

சரி என்று டீயை ஊற்றினாள். பிளாஸ்குக்கு ஒரே மூடிதான். நான் கடைசியில் குடிக்கிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும் முதலில் எனக்குத்தான் ஊற்றிக் கொடுப்பாள். பிறகு அதிலேயே அவள் குடிப்பாள்.

தொடர்ந்து மாத்திரை போட்டு இத்தனை மாதம் ஆகிவிட்டதால் இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை சாரிடம் சொல்லலாம். அதற்கு முன்னால் எனக்கு டி.பி. என்பதைச் சொல்ல வேண்டும். விடுதியில் சமைத்துக்கொண்டிருந்த தாசன் இருமுகிறார் என்று போன வருடம் சார் ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார். தாசனுக்கு ஆஸ்துமா என்று பிறகு தெரிந்தது. திரும்பக் கூப்பிடவில்லை.

மார்ச் 8

இலை விரிந்துவிட்டது. ரோஸ் வந்திருக்கிறது. போன வருடம் அளவுக்கு இல்லை.

மார்ச் 17

இப்போதுதான் நிறம் உச்சத்தில் இருக்க வேண்டும். மேல் அடுக்கில் நின்று பார்த்தால் கீழே ரோஸ் புகை எழுந்த மாதிரி இருக்கும், விடுதிக்கு வருகிறவர்கள் அங்கே நின்றுதான் போட்டோ எடுப்பார்கள். இந்த வருடம் எல்லாம் ஒரே மாதிரி மங்கலாக இருக்கிறது. வெள்ளை இருக்கிறது. ரோஸ் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்கு நிறம்.

நிறம் இறங்குவதற்குக் காரணங்கள் உண்டு. தழைச்சத்து கூடினால் பச்சை ஏறும். நிழல் அதிகமானாலும் ஏறும். ஒச்சக்காவைக் கேட்டேன்.

"யூரியா கீரியா போட்டியாக்கா?"

"நான் எதுக்குப் போடுறேன்? நீ சொல்லாம என்னைக்குப் போட்டுருக்கேன்?"

"செடி ஒரு மாதிரியா இருக்கே."

அவள் செடியைப் பார்த்தாள். "நல்லாத்தான இருக்கு" என்றாள்.

யூரியா போட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

மார்ச் 22

நிழல்வலையை ஒரு பக்கம் சுருட்டிவிட்டேன். நான்கு தொட்டிகளுக்கு மண் மாற்றினேன். செய்தித்தாளில் அச்சு மோசமாகிவிட்டது, எழுத்து எல்லாம் கலங்கியிருக்கிறது. மை மிச்சம் பிடிக்கிறார்கள்.

மார்ச் 27

இந்த மாத்திரையை ஆரம்பித்த நாளிலிருந்து சிறுநீர் செங்காவி நிறத்தில் போகும். மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். இப்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. உடம்பு பழகிவிட்டது.

மார்ச் 30

அருளப்பன் சாப்பிட உட்கார்ந்து ரசத்தைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"காய்த் தக்காளியப் போட்டு ரசம் வைக்கிறியே?"

"பழம்தான்."

"பழமா இது?" என்று ஒரு துண்டை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். நான் பார்த்தேன். பழமாகத்தான் இருந்தது. சந்தையில் கடைசியாகப் போனால் இப்படித்தான் கிடைக்கும் என்றேன். முன்னறைக்குப் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2

குருத்தோலை ஞாயிறு. சாமியார் பழுப்பு அங்கியில் பூசை வைத்தார். சிவப்பு அங்கி சலவைக்குப் போயிருக்கும். பாடல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை, எல்லாம் மனப்பாடம்தானே.

ஏப்ரல் 4

கேட் ஓரம் கீழ் அடுக்கின் பத்துத் தொட்டிகளையும் எடுத்துக்கொண்டேன். பச்சைக்குத் திரும்பிய கிளைகளை இனியும் விட்டுவைக்க முடியாது. காலையிலிருந்து மூடுபனி. ஒவ்வொரு கிளையாகக் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்து, எது கொஞ்சம் தெளிவாக இருந்ததோ அதை விட்டுவிட்டு மங்கலானதை வெட்டினேன். நிறைய வெட்ட வேண்டியிருந்தது.

ஒச்சக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"இதையுமா பிலோமி?"

"பச்சை ஏறிடுச்சுக்கா."

"இதுலயா?"

"பின்ன எதுல?"

அவள் கீழே கிடந்த கிளை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கத்தரி என் கையில் இருக்கும்போது பேசினால் எனக்குப் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் வெட்டிப்போட்ட கிளைகளையெல்லாம் சாக்கில் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். என்னிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 8

வெட்டிய பிறகும் அந்தப் பத்துத் தொட்டிகளில் தெளிவு வரவில்லை. மேல் அடுக்கு இன்னும் மோசம். உரம் மாறவில்லை, வெயில் மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை. எல்லா மரமும் ஒரே பருவத்தில் ஒன்றாக நிறம் இழந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒன்று திரும்பும், இரண்டு திரும்பும். தோட்டமே திரும்பாது.

செடி மாறவில்லை என்றால் செடியை மாற்றியிருக்க வேண்டும்.

மாதம் ஒரு நாள் நான் "பல் டாக்டரிடம்" போகிறேன். அன்று தோட்டத்தில் ஒச்சக்கா மட்டும்தான். கேட் சாவி அவளிடம் இருக்கிறது. அவள் மருமகன் பெருமாள்மலையில் நர்சரி வைத்திருக்கிறான், சரக்கு ஏற்ற வண்டியும் வைத்திருக்கிறான். அன்றைக்குச் சாக்கில் கொண்டுபோனது ஒட்டுக்கு ஆகும் கிளைகள்.

இதையெல்லாம் நான் நினைக்கவில்லை. தானாக வரிசையில் வந்து நிற்கிறது.

ஏப்ரல் 11

சாருக்குப் போன் செய்தேன். தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 13

சார் மாலையில் வந்து சேர்ந்தார். மூடுபனி இறங்கிவிட்டது. முழங்கால் வலியால் மேல் அடுக்குக்கு ஏற முடியவில்லை. கேட் ஓரம் நான் வெட்டிய பத்துத் தொட்டிகளைக் காட்டினேன். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வெறும் பச்சையால்ல இருக்கு" என்றார். குரல் இறங்கிவிட்டது.

ஒச்சக்காவைக் கூப்பிட்டார். அவர் எப்போதும் சத்தம் போட மாட்டார்.

"ஒச்சம்மா, செடி மாறியிருக்குன்னு பிலோமினா சொல்லுது. நீ சாக்குல என்ன கொண்டுபோன?"

"வெட்டிப் போட்ட கிளைய சார். ஆட்டுக்குப் போட்டேன்."

"மருமகன் நர்சரி வச்சிருக்காப்லல்ல?"

"வச்சிருக்காரு. அவரு விக்கிறது ரோசாப் பதியமும் கேரட் விதையும். இந்த மரத்த அவரு கண்ணால பாத்ததில்ல." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "பிலோமி, நீ சொல்லு சார்ட்ட."

"செடி மாறியிருக்குக்கா" என்றேன். "எனக்கு வேற தெரியல."

விடுதியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"ரெண்டு நாள் வீட்ல இரும்மா. பாத்துச் சொல்றேன்" என்றார் சார்.

ஒச்சக்கா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துத் தொட்டி விளிம்பில் வைத்தாள். கை கழுவினாள். முழுக்கச் சேறு போகும்வரை நிதானமாகக் கழுவினாள். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 15

தண்ணீர் நானே ஊற்றினேன். டீ குடிக்கவில்லை.

ஏப்ரல் 18

கேட் சாவி இப்போது என்னிடம். பூட்டின் துவாரம் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித்தான் போட வேண்டியிருக்கிறது. பழைய பூட்டு.

ஏப்ரல் 21

குன்னூர் ஓட்டலிலிருந்து சுபாஷிணி என்ற பெண் வந்தாள். அவர்களுடைய தோட்டத்தை அமைத்துக் கொடுப்பவள், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். சாரும் வந்திருந்தார். நல்ல வெயில். வரும் வழியிலேயே சார் அவளிடம், ஒரு சிக்கல் இருக்கிறது, செடி திருட்டுப் போயிருக்கலாம் என்று சொல்லியிருந்தார் போல. அவள் முகத்தில் அந்தச் சங்கடம் இருந்தது.

முதலில் மேல் அடுக்குக்கு ஏறினாள். சாரும் தடியை ஊன்றிக்கொண்டு இந்த முறை ஏறினார். நான் பின்னால் போனேன்.

மேலே போனதும் சுபாஷிணி நின்றுவிட்டாள். "சார், போட்டோல அனுப்புனத விட நல்லா இருக்கே. இவ்வளவு ரோஸ் நான் எங்கேயும் பாத்ததில்ல."

சார் ஒவ்வொரு தொட்டியாகப் போய்ப் பார்த்தார். அடிமரத்தில் ஒட்டின தழும்பைத் தடவிப் பார்த்தார். அவர் கையால் பெயர் எழுதிக் கட்டிய தகரச் சீட்டுகள் அப்படியே தொங்கின.

பிறகு கேட் ஓரத்துக்கு வந்தோம். சுபாஷிணி அந்தப் பத்துத் தொட்டிகளைச் சுற்றி நடந்தாள்.

"இதுல மட்டும் ஏன் கலர் கிளைய எல்லாம் வெட்டிட்டு பச்சைய விட்டு வச்சிருக்கீங்க?"

"இதுல கலர் இல்ல மேடம்" என்றேன். "பச்சை ஏறுனதத்தான் வெட்டினேன்."

அவள் குனிந்து, வெட்டுவாயின் அடியில் தப்பியிருந்த ஒரு சின்ன இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். "இது?"

"பழுத்த இலை. சாம்பல் பூத்திருக்கு."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "பிலோமினா, நான் போட்டிருக்க ஸ்வெட்டர் என்ன கலர்?"

"காப்பிப்பொடி கலர் சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

"காப்பிப்பொடிதான்."

சுபாஷிணிதான் சொன்னாள், மெதுவாக, என் முழங்கையைத் தொட்டபடி. "சிவப்பு அக்கா. நல்ல மிளகாய்ச் சிவப்பு."

வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வந்தேன். துணி ஊறப்போட்டிருந்தேன், அதைத் துவைத்துக் காயப்போட்டேன்.

ஏப்ரல் 22

அருளப்பனிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தார். மலை இறங்கும்போது, "அன்னைக்குத் தக்காளி..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் ஒரு புத்தகத்தைக் காட்டினார். பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக இருந்தது. பொட்டுகளுக்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். முதல் பக்கத்தில் சொன்னேன். மற்ற பக்கங்களில் எண்ணே இல்லை என்றேன். இருக்கிறது என்றார்.

நான் போடும் மாத்திரையில் சேர்ந்திருக்கும் மருந்துகளில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பில் போய்த் தாக்குமாம். முதலில் போவது சிவப்பும் பச்சையும். அந்த மருந்தை அப்போதே நிறுத்திவிட்டார். மற்றவை தொடர வேண்டும், கூடுதலாகச் சில வாரம்.

"போன்ல கேட்டப்ப ஒண்ணுமில்லன்னு சொல்லிருக்கீங்களே?"

"அப்ப கண்ணு நல்லாத்தான் சார் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் செடிதான் சார் மங்குச்சு."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நிறம் திரும்பி வருமா என்று அருளப்பன் கேட்டார். நிறையப் பேருக்கு வரும், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது, மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

ஏப்ரல் 24

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டி.பி. என்றதும் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். நகர்த்தியதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்து, மறுபடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லிருந்தா நான் என்ன பண்ணிருப்பேன்னு எனக்கே தெரியல" என்றார். "அதனால உன்னக் குத்தம் சொல்ல மாட்டேன்."

மேல் அடுக்கை மட்டும் ஓட்டல்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கீழ் அடுக்கை வேண்டாம் என்றுவிட்டார்கள். கண் சரியாகும்வரை நான் வீட்டில் இருக்க வேண்டும். அதன் பிறகு வரலாம், ஆனால் பொறுப்பு ஒச்சக்காவுக்கு.

"அவ வருவாளா சார்?"

"நான் போய்க் கூப்பிட்டேன். வர்றேன்னுட்டா. உன்னப் பத்தி ஒரு வார்த்த பேசல." கொஞ்சம் பொறுத்து, "நீ போய் அவளப் பாக்கணும்" என்றார்.

ஏப்ரல் 27

ஒச்சக்கா வீட்டுக்குப் போக நினைத்தேன். மழை.

ஏப்ரல் 28

மழை இல்லை. போகவில்லை.

மே 2

போனேன்.

ஒச்சக்கா ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கட்டின தழையின் முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் திரும்பினாள்.

"கண்ணு எப்படி இருக்கு?"

"அந்த மாத்திரைய நிறுத்திருக்காங்க. பாக்கலாம்னாரு."

"நெஞ்சு?"

நான் ஆடுகளைப் பார்த்தேன்.

"நெஞ்சு எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"சார் அதையும் சொல்லிட்டாரா?"

"அவரு என்னத்தச் சொல்றது? எங்க வீட்டுக்காரரு எதுல போனாருன்னு நெனச்ச? அந்த இருமலக் கேட்டுக்கிட்டே ரெண்டு வருசம் படுத்துக் கெடந்தவ நானு. தீவாளி முடிஞ்சு நீ இருமுனப்பவே தெரியும். பெறகு நீ பல் டாக்டரு பல் டாக்டருன்னு கெளம்பிப் போன. உனக்குப் பல்லுல என்னா?"

அவள் கணவர் இறந்தது எனக்குத் தெரியும். அடக்கத்துக்குப் போயிருந்தேன். எதனால் என்று நான் கேட்டதில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லணும். எதுக்கு? தாசனுக்கு ஆனது உனக்கும் ஆகவா?"

"டீய எனக்கு முதல்ல ஊத்திக் குடுத்துட்டு, அதே மூடியில நீ குடிச்சியே."

"மாத்திர போட ஆரம்பிச்சுட்டா ஒட்டாது. எங்க வீட்டுக்காரருக்கு என்னன்னு சொல்ல ஆளில்ல, மாத்திர போடவே நாள் தள்ளிருச்சு. உனக்குச் சூடா உள்ள போகணும்ல, அதான் மொதல்ல." ஓர் ஆட்டின் தலையை ஒதுக்கிவிட்டு இன்னொன்றைத் தழைக்கு விட்டாள்.

மன்னித்துவிடு என்றேன்.

"அத அங்கிட்டு வையி" என்றாள். "சார் முன்னால நீ சொன்னது சொன்னதுதான். இந்த ஊர்ல நான் சாவி வாங்காத வீடு இல்ல, என்ன யாரும் அப்படிக் கேட்டதில்ல. அதுகூடப் போகட்டும். நீ வெட்டுனப்ப உன் கையப் பிடிச்சு நிறுத்திருக்கணும், அது என் தப்பு. ஆனா இருவது வருசம் பக்கத்துல நின்னவகிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல, இது என்னா கலருன்னு?"

கிளம்பத் திரும்பினேன். ஓர் ஆடு என் சேலை முனையை மென்றுகொண்டிருந்தது. ஒச்சக்கா வந்து அதன் வாயிலிருந்து உருவி எடுத்துக் கொடுத்தாள்.

மே 9

குன்னூர் லாரி வந்து போனதாம். அருளப்பன் கடைத்தெருவில் கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

மே 30

ஒரு மாற்றமும் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்கு வரவில்லை. அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, விரலால் தடவிப் பொறுக்குகிறேன்.

ஜூன் 16

சுவரில் மாட்டியிருக்கும் இருதய ஆண்டவர் படத்தில் இருதயம் தெரிந்தது. முழுச் சிவப்பு இல்லை, துரு மாதிரி. நேற்று அது இல்லை. அருளப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தட்டு இன்னும் மேல் அலமாரியில்தான் இருக்கிறது. படுக்கை மட்டும் உள்ளே வந்துவிட்டது.

ஜூலை 12

மாத்திரை முடிந்தது. நெஞ்சுப் படம் சுத்தம். வலது கண் நன்றாகத் தேறியிருக்கிறது, இடது கண் பின்தங்கியிருக்கிறது என்றார்கள். பொட்டுப் புத்தகத்தில் இந்த முறை பாதி எண்களைச் சொன்னேன். சொல்ல முடியாத பக்கங்களை அந்த டாக்டர் சீக்கிரமாகப் புரட்டிவிட்டார். நல்ல மனிதர்.

செப்டம்பர் 19

இன்று வேலைக்குப் போனேன்.

மேல் அடுக்கு காலியாக இருந்தது. தொட்டிகள் நின்ற இடத்தில் வட்ட வட்டமாகத் தடம். கீழ் அடுக்கின் பத்து மரங்களும் மழைக்குப் பிறகு மறுபடி துளிர்த்திருக்கின்றன. சிலவற்றில் அடியிலிருந்து நிறத்தோடு தளிர் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் வரவில்லை. இரண்டு முழுக்கப் பச்சையாகிவிட்டன, அவை இனி திரும்பாது.

ஒச்சக்கா வணக்கமும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கொட்டகையைத் திறந்து கத்தரியை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, ரோஜாப் பாத்தியில் களை எடுக்கப் போய்விட்டாள். முதுகு என் பக்கம்.

முதல் தொட்டியில் சுலபமாக இருந்தது. இரண்டாவதிலும். ரோஸ் ரோஸாகவே தெரிந்தது. மூன்றாவதில் ஒரு கிளை, நீளமாக, நல்ல தெம்பாக வந்திருந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இடது கண்ணை மூடிப் பார்த்தேன். வெயிலுக்கு நேராகத் திருப்பிப் பார்த்தேன். நுனி இலைகளில் ரோஸ் இருந்தது.

கத்தரியோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

"அக்கா, இது என்னா கலரு?"

அவள் உடனே திரும்பவில்லை. கையிலிருந்த களையை மண் உதறிக் கூடையில் போட்டாள். இன்னொன்றைப் பிடுங்கினாள். பிறகு எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கிளையைக் கையில் வாங்கி நுனியிலிருந்து அடிவரை பார்த்தாள்.

"பச்ச" என்றாள்.

எனக்கு அது ரோஸாகத்தான் தெரிந்தது. வெட்டினேன்.